டிஃப் லாக் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு ஏன் எரிகிறது?

டிஃப் லாக் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் வசதி) உள்ள வண்டியை முதல்முறை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். லாக் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி பார்க்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது, பக்கத்திலேயே ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (வண்டி சறுக்கித் திசை மாறாமல் பார்க்கும் அமைப்பு) ஆஃப் என்ற விளக்கும் எரிகிறது, வண்டியில் ஏதாவது பழுதா? பழுதில்லை. டொயோட்டாவின் பல மாடல்களின் கையேட்டில் இதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு. பின் டிஃபரன்ஷியல் பூட்டியிருக்கும்போது ஏபிஎஸ், பிரேக் அசிஸ்ட், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், டிராக்‌ஷன் கண்ட்ரோல் எதுவும் வேலை செய்யாது, விளக்கு எரிவது இயல்புதான் என்று எழுதியிருக்கும். பழைய மெர்சிடிஸ் ஜி-கிளாஸிலும் லாக் போட்டால் ஏபிஎஸ் தூங்கப் போய்விடும். கையேடு அதோடு நிறுத்திக்கொள்ளும், ஏன் என்று சொல்லாது. இந்தப் பதிவு அந்த ஏனைப் பற்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. ஒரே ஆக்சிலில் இருக்கும் இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுவதற்காக வந்ததுதான் டிஃபரன்ஷியல். சாதாரண ஓபன் டிஃபரன்ஷியல் வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளும். ஆனால் முறுக்குவிசையை, அதாவது டார்க்கை, கிட்டத்தட்ட எப்போதும் சரிபாதியாகத்தான் பிரிக்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் டார்க் முழுக்க அங்கே போய்விடுகிறது என்பார்கள். உண்மையில் அங்கேயும் ஒன்றும் பெரிதாகப் போவதில்லை. சும்மா சுழலும் சக்கரத்தில் எதிர்ப்பே இல்லை, அதனால் அது வாங்கிக்கொள்ளும் டார்க் சொற்பம். அதே சொற்பம்தான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதற்கு அதுதான் காரணம்.

இதற்கு இரண்டு வைத்தியம் இருக்கிறது. ஒன்று, இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டுபோல இணைத்துவிடுவது. அதுதான் லாக்கர். இன்னொன்று, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிப்பது. பிரேக் கொடுக்கும் எதிர்ப்பை டிஃபரன்ஷியல் தரை கொடுக்கும் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும், மறு சக்கரத்துக்கும் அதே அளவு டார்க்கை அனுப்பிவிடும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் ஆஃப்ரோடில் செய்வது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். இடது சக்கரம் வழுக்குப் பாறையில் இருக்கிறது, 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது. மேடேற வலது சக்கரத்துக்கு 900 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓபன் டிஃபரன்ஷியலில் இரண்டுக்கும் நூறு நூறு, மொத்தம் 200. வண்டி நகராது. பிரேக் வழியில் போனால், இடது சக்கரத்தில் 800 அளவுக்குப் பிரேக் பிடிக்க வேண்டும். அப்போது இடதில் 900, வலதில் 900. எஞ்சின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வர வேண்டியது 1800. அதில் 800 பிரேக் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே சூடாகப் போய்விடும். லாக்கர் இருந்தால் இடதில் 100, வலதில் 900, மொத்தம் 1000 போதும். வீணாவது எதுவுமில்லை.

அந்த 800 நியூட்டன் மீட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சக்கரம் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால்கூட ஒரு டிஸ்கில் ஐந்து கிலோவாட் வெப்பம். நீண்ட மணல்மேட்டிலோ சேற்றுப் பாதையிலோ இது தொடர்ந்து நடந்தால் டிஸ்க் கொதித்துவிடும். அதனால் கட்டுப்பாட்டுப் பெட்டி டிஸ்கின் வெப்பத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் டிஸ்கில் வெப்பமானி கிடையாது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதிலிருந்து ஊகிக்கும் கணக்குதான். எல்லை தாண்டிவிட்டது என்று தோன்றினால் டிராக்‌ஷன் கண்ட்ரோலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும். உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும்.

இன்னொரு குறை, சக்கரம் சுழன்ற பிறகுதான் பிரேக் வழி விழித்துக்கொள்ளும். மணலில் அந்தச் சுழற்சிக்குள் டயர் ஒரு குழி தோண்டியிருக்கும். லாக்கரை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போகலாம். இவ்வளவு சொன்னாலும் பிரேக் வழியை நான் மட்டமாகப் பேச மாட்டேன். 1997-இல் வந்த மெர்சிடிஸ் எம்-கிளாஸ் லாக்கரே இல்லாமல், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வழி டிராக்‌ஷன் கண்ட்ரோலை மட்டும் வைத்துக்கொண்டு களமிறங்கியது. இன்றைய சுசுகி ஜிம்னியும் இரண்டு ஆக்சிலிலும் ஓபன் டிஃபரன்ஷியலோடுதான் வருகிறது. எடை குறைவு, லோ கியர், பிரேக் வழி உதவி என்று சேர்ந்து அது போகிற இடங்களைப் பார்த்தால் லாக்கர் எல்லாருக்கும் வேண்டும் என்று வாதாடுவது கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லாக்கர் எலக்ட்ரானிக்ஸோடு எங்கே மோதுகிறது?

ஏபிஎஸ் 1978-இல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. அதே சக்கர சென்சார்களின் மேல்தான் பின்னாடி டிராக்‌ஷன் கண்ட்ரோல், 1995-இல் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டன. இன்றைக்கு ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும் ஐரோப்பிய யூனியனில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்களுக்குக் கட்டாயம். இவை எல்லாவற்றுக்கும் கண் ஒன்றுதான்: ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு பல்வளையம், அதன் பற்கள் கடந்துபோவதை எண்ணும் ஒரு சென்சார். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் அது வழுக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது ஒன்று மட்டும் சட்டென்று மெதுவானால் அது சுற்றாமல் நின்றுவிடப் போகிறது. இந்த ஒப்பீட்டிலிருந்துதான் மீதி எல்லாத் தீர்மானமும் பிறக்கிறது.

லாக்கர் செய்யும் முதல் காரியம் அந்த ஒப்பீட்டை ஒழித்துக்கட்டுவது. பூட்டிய ஆக்சிலில் இடதும் வலதும் எப்போதும் ஒரே வேகம். ஒன்று பனியில் இருக்கலாம், மற்றது தார்ச்சாலையில் இருக்கலாம், ஒன்று அந்தரத்தில்கூட இருக்கலாம். சென்சாருக்கு எல்லாம் ஒன்றுதான். பொறியியல் ரீதியாக இந்த மோதலின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கண் இருக்கிறது, ஆனால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

அதைவிட மோசம், இல்லாத வழுக்கலை லாக்கர் உண்டாக்கவும் செய்யும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே 1.6 மீட்டர் இடைவெளி, ஆக்சிலின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று கொள்வோம். உள் சக்கரம் 5.2 மீட்டர் ஆரத்தில் ஓட வேண்டும், வெளிச் சக்கரம் 6.8 மீட்டரில். பூட்டிவிட்டால் இரண்டும் 6 மீட்டருக்கு உரிய வேகத்தில் சுற்றும். உள் சக்கரம் தேவைக்கு மேல் 15 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. வெளிச் சக்கரம் 12 சதவீதம் மெதுவாக இழுபடுகிறது. ஏபிஎஸ் பிரேக்கின்போது சக்கரத்தைச் சுமார் 10 முதல் 20 சதவீத வழுக்கலுக்குள் பிடித்துவைக்கத்தான் பாடுபடுகிறது. அதாவது, இறுக்கமான வளைவில் பூட்டிய ஆக்சில் பிரேக்கைத் தொடாமலேயே டயரை ஏபிஎஸ் கவலைப்படும் எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. தார்ச்சாலையில் லாக் போட்டுத் திருப்பினால் டயர் கீச்சிடுவதும் ஆக்சில் முறுகுவதும் இதனால்தான்.

இனி ஒவ்வொரு அமைப்பாகப் பார்க்கலாம். முதலில் ஏபிஎஸ், அதிலும் பின் ஆக்சில். பல வண்டிகளில் பின் பிரேக்குக்கு ஒரு பழைய பாதுகாப்பு விதி உண்டு. இரண்டு பின்சக்கரத்தில் எதற்குப் பிடிமானம் குறைவோ அதன் அளவுக்குத்தான் இரண்டுக்கும் பிரேக் அழுத்தம் கொடுப்பது. இடது ஓரம் ஈரமணல், வலது காய்ந்த தார் என்றால் வலது சக்கரம் இன்னும் நன்றாக நிற்க முடியும்தான். ஆனாலும் ஏபிஎஸ் அதை விட்டுக்கொடுத்துவிடும், ஏனென்றால் ஒருபக்கம் மட்டும் பலமாகப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழலும். பின் ஆக்சிலைப் பூட்டுங்கள், இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் குலைந்துவிடும். மணலில் இருக்கும் சக்கரம் தனியாக மெதுவாகாது, வலது சக்கரம் அதைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். ஏபிஎஸ் பார்வையில் ஆக்சில் முழுக்க நன்றாகச் சுற்றுகிறது, ஆகவே இன்னும் அழுத்தம் கொடுக்கலாம். கொடுக்கும். வலது பக்கம் பலமாகப் பிடிக்கும், இடது பக்கம் பிடிக்காது. எந்தச் சுழற்சியைத் தவிர்க்க அந்த விதியை எழுதினார்களோ அந்தச் சுழற்சியே வந்துவிடும்.

முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே இருக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும்போது சிக்கல் வேறு மாதிரி. வண்டி உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது ஏபிஎஸ்ஸுக்கு நேரடியாகத் தெரியாது. நான்கு சக்கரங்களில் எது வேகமாகச் சுற்றுகிறதோ அதை ஒட்டித்தான் பெரும்பாலும் ஊகிக்கும். முன்னும் பின்னும் இறுகக் கட்டியிருந்தால், வழுக்கும் தரையில் பிரேக் பிடித்ததும் எல்லாச் சக்கரமும் ஒன்றாகவே மெதுவாகும். ஒப்பிட ஒரு நல்ல சக்கரம்கூட மிச்சமில்லை. வண்டி இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாகக் கணக்கு முடிவு செய்யக்கூடும். ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளின் ஏபிஎஸ்ஸில் முன்பின் வேகமாறுதலை அளக்கும் தனி சென்சார் ஒன்றைச் சேர்த்தது இதற்காகத்தான். சக்கரம் பொய் சொன்னாலும், உடம்பு எவ்வளவு பலமாக முன்னே தள்ளப்படுகிறது என்பதை வைத்து உண்மையைத் தேடலாம். முன்பின் பிரேக் பங்கீட்டுக்கும் இதே கதைதான். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட எவ்வளவு மெதுவாகிறது என்று பார்த்துத்தான் அது பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கிறது. நடுவே பூட்டிவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தத் தலைவலி புதிதல்ல. 1980-இல் வந்த முதல் ஆடி குவாட்ரோவில் நடு, பின் டிஃபரன்ஷியல்களை ஓட்டுநரே பூட்டிக்கொள்ளலாம். பிறகு அதில் ஏபிஎஸ் சேர்ந்தபோது, பின் டிஃபரன்ஷியலைப் பூட்டினால் ஏபிஎஸ் தானாக அணையும்படி செய்தார்கள். 1980களின் பிற்பகுதியில் ஆடி நடுவில் டார்சன் டிஃபரன்ஷியலுக்கு மாறியது. வெர்னான் க்ளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற பல்சக்கர அமைப்பு அது. எஞ்சின் இழுக்கும்போது பிடிமானமுள்ள பக்கத்துக்கு அதிக டார்க்கை அனுப்பும், ஆனால் முழுசாகப் பூட்டிக்கொள்ளாது. பிரேக் பிடிக்கும்போது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றலாம். ஆகவே ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அப்புறம் 1998-இல் ஆடி டிடியில் வந்த, முன்னையும் பின்னையும் இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் இன்னும் ஒரு படி மேலே போய், ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்தால் கிளட்சைத் தளர்த்தி முன்னையும் பின்னையும் பிரித்துவிட்டது. சாலைக் கார்கள் முழு லாக்கைக் கைவிட்டதற்கு இந்த ஏபிஎஸ் பொருத்தம் ஒரு முக்கியக் காரணம்.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்தான் லாக்கரோடு மிக மோசமாக முட்டிக்கொள்கிறது. ஸ்டியரிங் கோணத்தைப் பார்த்து ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார் என்று அது கணிக்கும். வண்டி எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சுழற்சி சென்சார் சொல்லும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியைத் திருப்பும். முன்பக்கம் திரும்பாமல் நேராகப் போனால் பெரும்பாலும் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை. பின் ஆக்சில் பூட்டியிருக்கும்போது உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்தால், அந்தப் பிரேக் ஆக்சில் வழியாக வெளிச் சக்கரத்துக்கும் போய்ச் சேரும். வண்டி மெதுவாகும், திரும்பாது. போதாக்குறைக்குப் பூட்டிய ஆக்சிலே வண்டியை நேராகத்தான் தள்ளும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார். கட்டுப்பாட்டுப் பெட்டி இதை ஆபத்தான சறுக்கலாக எடுத்துக்கொண்டு மறுபடி பிரேக் பிடிக்கும், எஞ்சின் சக்தியையும் வெட்டும். மணலில் வேகத்தை நம்பி ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஆக்சிலரேட்டரைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவு, லாக் போட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடு. கூடவே வேக வரம்பும் வைத்துவிடுகிறார்கள். ஜீப் ராங்லர் ரூபிகானில் நெடுங்காலம் லாக்கர் லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக பலத்தோடு ஓடும் கியர் நிலையில்), மணிக்குச் சுமார் 16 கி.மீ.க்குக் கீழே போகும்போதுதான் ஏறும், அதுவும் முதலில் பின்பக்கம், பிறகுதான் முன்பக்கம். ஜி-கிளாஸின் மூன்று பட்டன்களிலும் நடு, பின், முன் என்று வரிசை மாறக் கூடாது. முன் லாக் கடைசியில் வருவதற்குக் காரணம், அது போட்டபிறகு ஸ்டியரிங் கிட்டத்தட்ட மல்லுக்கட்டும் சமாசாரம் ஆகிவிடும்.

ஏபிஎஸ் போனால் இழப்பு எவ்வளவு? அந்த வேகத்தில் பெரிய இழப்பு இல்லை என்பது என் கருத்து. தளர்ந்த சரளையிலும் மணலிலும் பிரேக்கில் சுற்றாமல் நின்றுவிட்ட சக்கரம் முன்னால் ஒரு குவியலைச் சேர்த்துக்கொண்டு, ஏபிஎஸ்ஸைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடுவதும் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் லாக்கர் வேறு விதத்தில் உதவும். எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது ஓபன் டிஃபரன்ஷியலில் பிடிமானம் இழந்த சக்கரம் நின்றுபோகலாம், பின்னோக்கிக்கூடச் சுற்றலாம். பூட்டிய ஆக்சிலில் பிடிமானமுள்ள சக்கரம் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும்.

நான் பயப்படுவது பக்கச் சரிவில்தான். ஈரமான சரிவில் குறுக்காகப் போகும்போது ஓபன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது சுழலாமல் நிற்கும். பக்கவாட்டில் வண்டியைப் பிடித்துவைப்பது அந்தச் சக்கரம்தான். லாக் போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வழுக்கும், பின்பக்கம் முழுசாகக் கீழே நழுவும். அந்த நேரத்தில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் அணைந்திருக்கும். பாறையில் லாக்கரைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் மொத்தமாக அணைப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது. பின் ஆக்சிலைப் பூட்டினால் பின் சக்கரங்களுக்கு டிராக்‌ஷன் கண்ட்ரோல் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். முன் ஆக்சில் இன்னும் ஓபனாகத்தானே இருக்கிறது? அங்கே ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதைப் பிடிக்க பிரேக் வழி உதவி வேண்டாமா? குறுக்குக் குழிகள் நிறைந்த பாதையில் எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். பின் லாக்கர் இருந்து, முன் டிராக்‌ஷன் கண்ட்ரோல் செத்துப்போன வண்டி அங்கே தரையைத் தொடும் இரண்டில் ஒரே சக்கரத்தின் பலத்தில்தான் முக்கி ஏறும். லாக்கர் போடாமல் டிராக்‌ஷன் கண்ட்ரோலை மட்டும் நம்பியவன் சில சமயம் சுலபமாக ஏறிவிடுவதைப் பார்க்கலாம். சில பிக்கப்களில் பின் லாக் போட்டாலும் முன் ஆக்சிலில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விழித்தே இருக்கும். வண்டி வாங்கும்போது லாக்கர் இருக்கிறதா என்று கேட்பதோடு, லாக் போட்டபிறகு எது மிச்சமிருக்கும் என்றும் கேட்பது நல்லது. விற்பனையாளருக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. கையேட்டில் இருக்கும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர்களில் கதை இன்னும் சுவாரஸ்யம். ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் 100 ஆர்பிஎம் வேக வேறுபாடு வந்தால் உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும், கிளட்ச் தட்டுகள் இறுகும், ஆக்சில் பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 30 கி.மீ.க்கு மேல் அதுவே தன்னைப் பூட்ட விடாது. வயர் இல்லை, பட்டன் இல்லை. ஆனால் அது பூட்டிக்கொள்ள ஒரு சக்கரம் நன்றாகச் சுழன்றாக வேண்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோலின் வேலையோ சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடிப்பது. ஒருவன் கோபப்பட்டால்தான் வேலைக்கு எழுவான், இன்னொருவன் அவனுக்குக் கோபமே வராமல் பார்த்துக்கொள்கிறான் என்ற கதை.

2020-இல் வந்த மஹிந்திரா தாரில் இந்த மாதிரி லாக்கரும் பிரேக் வழி உதவியும் ஒரே வண்டியில் உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளில் ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல மிதித்தால் பிரேக் முந்திக்கொள்ளும். 100 ஆர்பிஎம் வேறுபாடு வரவே வராது. கொஞ்சம் தைரியமாக மிதித்தாலோ, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிட்டு மிதித்தாலோ லாக்கர் டக்கென்று பிடிக்கும். மெதுவாக, நிதானமாக ஓட்டு என்பது ஆஃப்ரோடின் பழைய பாடம். இந்த லாக்கருக்கு அந்தப் பாடம் செல்லாது. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காததற்கும் அதுவே காரணம். எப்போது பூட்ட வேண்டும் என்பதை நானே சொல்ல விரும்புகிறேன்.

டெட்ராய்ட் லாக்கர் வகை இதற்கு நேர் எதிர். அது எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் வெளிச் சக்கரம் வேகமாக ஓடினால் அதை மட்டும் பற்களிலிருந்து விடுவித்துவிடும். அப்போது எஞ்சின் சக்தி முழுக்க உள் சக்கரத்தில். ஆக்சிலரேட்டரை விட்டதும் நிலைமை மாறும், மறுபடி மிதித்ததும் சடக்கென்று கோக்கும். பிரேக்கோ எலக்ட்ரானிக்ஸோ எதுவும் இல்லாத பழைய ஜீப்பில் இது ஒரு சத்தம், ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள வண்டியில் ஒவ்வொரு உதறலும் சுழற்சி சென்சாரில் பதிவாகும். ஈரச்சாலை வளைவில் காரணமில்லாமல் ஒரு சக்கரம் பிரேக் பிடித்தால் பயமாகத்தான் இருக்கும். தினசரி சாலையில் ஓடும் புது வண்டிக்கு இந்த வகையை நான் சொல்ல மாட்டேன்.

பட்டனை அணைத்துவிட்டால் லாக் உடனே போய்விடும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. பெரும்பாலான லாக்கர்களில் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஆக்சிலில் முறுக்கு இருக்கும்வரை அந்தப் பற்கள் பிடியை விடாது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடம் வலம் ஆட்டியோ, வண்டியைச் சற்று முன்பின் நகர்த்தியோ முறுக்கைத் தளர்த்தினால்தான் கழலும். டாஷ்போர்டில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பது அந்த இடைவெளியைத்தான் சொல்கிறது. எலக்ட்ரானிக்ஸுக்கும் இது முக்கியம். பட்டன் எங்கே இருக்கிறது என்பதை நம்பி ஏபிஎஸ்ஸை மறுபடி எழுப்பினால், பாதி பூட்டிய ஆக்சிலோடு அது வேலை செய்ய வேண்டிவரும். அதனால் ஆக்சில் உள்ளேயே ஒரு சுவிட்ச் வைத்து, பற்கள் உண்மையில் கழன்றதா என்று பார்த்தபிறகுதான் மற்றதை எழுப்புவார்கள். அந்தச் சின்ன சுவிட்சோ அதன் வயரோ சேற்றில் கெட்டுப்போனால், லாக் விலகியபிறகும் ஏபிஎஸ் விளக்கு அணையாது. லாக்கரையே கழற்றிப் பார்க்கச் சொல்லும் முன் அந்த வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே வாங்கி மாட்டும் ஏர் லாக்கர், எலக்ட்ரிக் லாக்கர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே எதையும் அணைக்காது. பின் ஆக்சிலில் இரண்டு சக்கரமும் ஒரே வேகம் என்பதால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அந்த ஆக்சிலில் பெரும்பாலும் தலையிடுவதில்லை. முன் ஆக்சிலில் வழக்கம்போல வேலை செய்யும். கம்பெனி கொடுக்காத நல்ல சேர்க்கை இப்படித் தானாகவே அமைந்துவிடுகிறது. மறுபக்கம், ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஒன்றும் தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும். லாக் போட்டபடி திருப்பினால், ஸ்டியரிங் கோணத்துக்கும் சக்கர வேகத்துக்கும் பொருந்தவில்லையே என்று குழம்பிப் பிழைக்குறி பதிந்து விளக்கை எரியவிடலாம். லோ ரேஞ்சுக்குப் போனதும் தானே ஒதுங்கிக்கொள்ளும் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. மற்றதில் லாக் போடும் முன் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை ஓட்டுநரே அணைக்க வேண்டும், சாலைக்கு ஏறும் முன் லாக்கை மறக்காமல் எடுக்க வேண்டும், ஏனென்றால் நினைவுபடுத்த வேறு யாருமில்லை. மாட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில பழைய ஆக்சில்களில் ஏபிஎஸ் பல்வளையம் சக்கரத்தில் இருக்காது, டிஃபரன்ஷியல் கூட்டின் மேலேயே இருக்கும். கூட்டை மாற்றும்போது அந்த வளையத்தைப் புதியதற்கு மாற்றிப்போடாவிட்டால் ஏபிஎஸ் அன்றோடு சரி.

மின்சார வண்டிகள் இந்தச் சண்டையை வேறு இடத்துக்கு நகர்த்துகின்றன. 2024-இல் வந்த எலக்ட்ரிக் ஜி-கிளாஸில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். டிஃபரன்ஷியல் கிடையாது, பூட்ட எதுவும் கிடையாது; லாக் போட்டதுபோலச் சக்கரங்களை ஒரே வேகத்தில் ஓட்டுவதை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஏபிஎஸ் கேட்டால் மில்லிநொடிகளில் விட்டுவிடும், பற்கள் சிக்கிக்கொள்ளும் பேச்சே இல்லை. இத்தனை பக்கம் நான் புலம்பிய மோதல் அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. நான்கு மோட்டாருக்கும் சேர்த்து 432 கிலோவாட், ஒவ்வொன்றுக்கும் 108. மூன்று சக்கரம் பனியில், ஒன்று மட்டும் பாறையில் என்றால், மூன்று டிஃபரன்ஷியலையும் பூட்டிய பழைய ஜி-கிளாஸில் எஞ்சினின் டார்க் கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ஒற்றைச் சக்கரத்துக்குப் போகலாம், ஆக்சில் ஷாஃப்ட் தாங்குகிற வரை. புதியதில் அந்தச் சக்கரத்துக்குச் சொந்த மோட்டார் கொடுப்பது மட்டும்தான். மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும் அவற்றின் பலத்தை இங்கே கொண்டுவர நடுவே எந்தத் தண்டும் இல்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் லோ கியர் வைத்த இரண்டு வேகப் பெட்டி ஒன்றைச் சேர்த்து அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கிறார்கள்.